கணினியும் அதன் சூழலும்

புதிதாக ஒரு வீட்டிற்குப் பணியாற்ற வரும் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவ்வீட்டில் என்ன மொழி பேசுவர், பண்டங்கள் எந்த அறையில் உள்ளன, உணவு எந்த வேளையில் உண்பர் என்பனவற்றை அவன் முதலில் அறிந்துகொள்ளுதல் வேண்டும். ஒவ்வொரு வேலையை ஏவும்போதும் இவற்றையெல்லாம் வீட்டார் மீண்டும் மீண்டும் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. வீட்டின் வழக்கத்தை ஒருமுறை அறிந்துகொண்டால், பிறகு ஏவிய பணியை மட்டும் கேட்டு அவன் செம்மையாகச் செய்துவிடுவான்.

கணினியில் இயங்கும் நிரல்களும் இப்பணியாளனைப் போன்றவையே. ஒரு நிரல் தொடங்கும்பொழுது, அதனை ஏவியவர் யார், அவருடைய கோப்புகள் எங்கே உள்ளன, எம்மொழியில் அவருக்கு விடை கூற வேண்டும், எந்நாட்டு நேரத்தைக் காட்ட வேண்டும் என்பன போன்ற செய்திகள் அதற்குத் தேவைப்படுகின்றன. இச்செய்திகளையெல்லாம் பெயரும் மதிப்புமாக எழுதி, ஒரு பட்டியலாக்கி, இயக்க அமைப்பு அந்நிரலின் கையில் கொடுத்தனுப்புகின்றது. அப்பட்டியலுக்குச் சூழல் என்று பெயர். அதிலுள்ள ஒவ்வோர் உறுப்பும் சூழல் மாறி எனப்படும். அதன் மதிப்பை நாம் வேண்டியபோது மாற்றலாம். ஆதலின் அது மாறி எனப்பட்டது.

இவ்வேற்பாடு தோன்றிய வரலாறு சுவையானது. அமெரிக்க நாட்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகிய இருவரும் 1969ஆம் ஆண்டில் யுனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பை உருவாக்கத் தொடங்கினர். தொடக்கத்தில் வெளிவந்த யுனிக்ஸ் பதிப்புகளில் சூழல் மாறிகள் இல்லை. 1979ஆம் ஆண்டில் வெளிவந்த ஏழாம் பதிப்பிலேதான் அவை இடம்பெற்றன. ஸ்டீபன் போர்ன் என்பார் அப்பதிப்பிற்கென எழுதிய ஷெல் என்னும் நிரலின் வாயிலாக, மக்கள் இம்மாறிகளைக் காணவும் அமைக்கவும் முடிந்தது. 1983ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட டாஸ் இரண்டாம் பதிப்பும் இதனை ஏற்றுக்கொண்டது. இன்று கைப்பேசி முதல் பெருங்கணினி வரை இவ்வேற்பாடு இல்லாத இடமே இல்லை எனலாம்.

இனி, நம் புதுக்கோட்டை மாவட்டத்திற்கு வருவோம். 1991ஆம் ஆண்டில் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தது. வயலிலும் கல்லுடைக்கும் களத்திலும் உழைத்த பெண்கள், பகலெல்லாம் பாடுபட்டு, மாலையில் விளக்கொளியில் அமர்ந்து தமிழ் எழுத்துகளைக் கற்றனர். மிதிவண்டி ஓட்டவும் பழகினர். கையெழுத்திடவும் பேருந்தின் பெயர்ப்பலகையைத் தாமே படிக்கவும் கற்றபோது, அவர்கள் நெஞ்சில் பிறந்த பெருமிதத்தை இம்மாவட்டத்தார் இன்றும் நினைவுகூர்வர்.

இருபது ஆண்டுகள் கழித்து, 2011ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில், தமிழ்நாட்டு அரசு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அக்கணினிகளில் விண்டோஸ் என்னும் இயக்க அமைப்போடு, பாஸ் லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பும் இடம்பெற்றிருந்தது. பாஸ் லினக்ஸ், மைய அரசின் சிடாக் நிறுவனத்தால் உருவாக்கப்பெற்று, 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. இந்திய மொழிகள் பலவற்றிலும் இயங்கும் ஆற்றல் உடையது.

அவ்வாறு கணினி பெற்ற ஒரு மாணவியை நாம் கற்பனை செய்துகொள்வோம். அவள் தாய், அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிந்தவள். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவள். அண்ணன் சிங்கப்பூரில் பணிபுரிகின்றான். மகள் கணினியைத் திறந்ததும் தாய் அருகில் வந்து அமர்கின்றாள். திரையில் தோன்றுவன யாவும் ஆங்கிலமாக இருக்கக் கண்டு, “இதற்குத் தமிழ் தெரியாதா, ஆத்தா?” என்று கேட்கின்றாள். மகளுக்கு விடை தெரியவில்லை. அவ்வினாவிற்கு விடை தேடுவோமாயின், சூழல் மாறிகளைப் பற்றி நாம் அறிய வேண்டியன பெரும்பாலும் விளங்கிவிடும்.

முதலில், உள்ள சூழலைக் காணும் முறையை அறிவோம். லினக்ஸில் முனையம் என்னும் சாளரத்தைத் திறந்தால், டாலர் குறி ஒன்று தோன்றி நம் கட்டளைக்குக் காத்து நிற்கும். அங்கே கட்டளைகளை ஆங்கில எழுத்துகளால் எழுதி, எண்டர் விசையை அழுத்துதல் வேண்டும். பிரிண்ட்என்வி என்னும் கட்டளையைக் கொடுத்தால், சூழல் மாறிகள் அனைத்தும் வரிவரியாகத் திரையில் வரும். ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் மாறியின் பெயரும், நடுவே சமக்குறியும், வலப்பக்கம் அதன் மதிப்பும் இருக்கும். ‘ஹோம்’ என்னும் மாறி நம் கோப்புகள் வைக்கப்பெற்ற இல்லக் கோப்புறையைக் கூறும். ‘யூசர்’ என்பது பயனரின் பெயரைக் கூறும். ‘லேங்’ என்பது மொழியைக் குறிக்கும். ‘பாத்’ என்பது நிரல்களைத் தேட வேண்டிய வழியைக் காட்டும். இப்பெயர்களைப் பேரெழுத்துகளில் எழுதுதல் மரபு. லினக்ஸில் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் வேறுவேறாகக் கருதப்படும். ஆகவே அதில் பிழை நேர்தல் கூடாது.

ஒரேயொரு மாறியின் மதிப்பை மட்டும் காண விரும்பினால், எக்கோ என்னும் கட்டளையை எழுதி, ஓரிடம் விட்டு, டாலர் குறியும் அதனை ஒட்டி மாறியின் பெயரும் எழுதுதல் வேண்டும். டாலர் குறி, ‘இப்பெயரை அன்று, இப்பெயருக்குரிய மதிப்பை எடுத்துக்கொள்’ என்று ஷெல்லுக்குச் சொல்லும் குறிப்பாகும். அக்குறியை விட்டுவிட்டால், எழுதிய பெயரே திரும்பி வருமேயன்றி மதிப்பு வாராது.

அடுத்து, மாறியை அமைக்கும் முறையைக் காண்போம். மாறியின் பெயரை எழுதி, சமக்குறி இட்டு, மதிப்பை எழுதினால் போதும். எடுத்துக்காட்டாக, ‘டவுன்’ என்று ஒரு மாறிக்குப் பெயரிட்டு, அதற்குப் ‘புதுக்கோட்டை’ என்னும் மதிப்பைக் கொடுக்கலாம். பெயரில் ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் அடிக்கோடும் மட்டுமே வரலாம். இலக்கத்தில் தொடங்குதல் ஆகாது. மதிப்பு தமிழிலும் இருக்கலாம். ஆயினும் ஒரு செய்தியை மறவாதிருத்தல் வேண்டும். சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி விடலாகாது. கணக்கு நோட்டில் இடைவெளி விட்டு எழுதிப் பழகிய நம் கை, இங்கும் அவ்வாறே எழுத முனையும். அங்ஙனம் எழுதினால், ஷெல் முதற் சொல்லை ஒரு கட்டளை என எண்ணி, அத்தகைய கட்டளை இல்லை என்று கூறிவிடும். மதிப்பினுள்ளே இடைவெளி வருமானால், முழு மதிப்பையும் மேற்கோள் குறிகளுக்குள் அடைத்தல் வேண்டும்.

இங்ஙனம் அமைத்த மாறி, அந்த ஷெல்லுக்கு மட்டுமே தெரியும். அது ஏவும் பிற நிரல்களுக்குத் தெரியாது. இதனை விளக்க நம் ஊர் வரலாற்றிலேயே தக்க எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட காலத்தில், புதுக்கோட்டைச் சமஸ்தானம் அம்மன் காசு என்னும் தனி நாணயத்தை வெளியிட்டு வழங்கியது. பிரகதம்பாள் அம்மனின் உருவம் பொறித்த அச்செப்புக்காசு, சமஸ்தானத்திற்குரிய நாணயமாக விளங்கியது. எல்லை கடந்து செல்வோர், பிரிட்டிஷ் இந்தியாவில் செல்லுபடியாகும் நாணயத்தைக் கையில் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. ஷெல்லில் வெறுமனே அமைத்த மாறி அம்மன் காசு போன்றது; உள்ளூரில் மட்டும் செல்லும். அதனை வெளியிலும் செல்லுபடியாகச் செய்யும் கட்டளைக்கு எக்ஸ்போர்ட் என்று பெயர். எக்ஸ்போர்ட் என்று எழுதி, ஓரிடம் விட்டு, மாறியின் பெயரை எழுதினால், அது முதல் அம்மாறி சூழலில் சேர்ந்து, பின்னர் ஏவப்படும் நிரல்கள் அனைத்திற்கும் தெரியவரும். எக்ஸ்போர்ட் கட்டளையிலேயே மதிப்பையும் சேர்த்தெழுதி, இரு வேலைகளையும் ஒரே வரியில் முடித்தலும் உண்டு.

இதனை நீங்களே சோதித்து அறியலாம். ‘டவுன்’ மாறியை அமைத்த பின்னர், பாஷ் என்று எழுதி எண்டர் விசையை அழுத்துங்கள். முதல் ஷெல்லின் சேயாக இரண்டாவது ஷெல் ஒன்று பிறக்கும். அதனிடம் ‘டவுன்’ மதிப்பைக் கேட்டால், வெற்று வரியே விடையாக வரும். எக்ஸிட் என்று எழுதித் தாய் ஷெல்லுக்குத் திரும்பி, மாறியை எக்ஸ்போர்ட் செய்து, மீண்டும் சேயைப் பிறப்பித்துக் கேளுங்கள். இப்போது ‘புதுக்கோட்டை’ என்று விடை வரும்.

இன்னும் ஒரு படி மேலே செல்வோம். சேய் ஷெல்லில் இருந்தபடியே அம்மதிப்பை ‘அறந்தாங்கி’ என்று மாற்றிவிட்டு, எக்ஸிட் கொடுத்துத் தாயிடம் திரும்பி வந்து கேட்டால் என்ன விடை வரும்? ‘புதுக்கோட்டை’ என்றே வரும். சேயில் செய்த மாற்றம் தாயைத் தொடுவதில்லை. நம் மாவட்டத்துக் கண்மாய்களைப் பாருங்கள். மேலைக் கண்மாய் நிறைந்ததும், மிகுநீர் கலிங்கு வழியே வழிந்து, வாரி வழியே கீழைக் கண்மாயை அடைகின்றது. கீழைக் கண்மாயின் நீர் எவ்வளவு கலங்கினாலும் மேலைக் கண்மாய் கலங்குவதில்லை. சூழலும் இவ்வாறே மேலிருந்து கீழாகச் செல்லுமேயன்றி, கீழிருந்து மேலேறுவதில்லை. சேய்நிரல் பெறுவது தாயின் பட்டியலில் ஒரு படியே ஆகும். அப்படியில் அது எதை எழுதினாலும், எதை அழித்தாலும், மூலம் மாறாது. இவ்வமைப்பினால் ஒரு நிரலின் பிழை, அதனை ஏவிய நிரலின் சூழலைக் கெடுக்காமல் காக்கப்படுகின்றது.

இப்போது நம் மாணவியிடம் திரும்புவோம். டேட் என்னும் கட்டளை அன்றைய நாளையும் நேரத்தையும் காட்டும். அண்ணன் வாழும் சிங்கப்பூரில் இப்போது மணி என்ன என்று தாய் கேட்கின்றாள். நேர மண்டலத்தைக் குறிக்கும் மாறிக்கு, ‘டி’, ‘இசட்’ என்னும் இரண்டு பேரெழுத்துகளே பெயர். அவள் அம்மாறிக்கு ‘ஏசியா/சிங்கப்பூர்’ என்னும் மதிப்பை எழுதி, ஓரிடம் விட்டு, அதே வரியில் டேட் கட்டளையையும் எழுதுகின்றாள். திரையில் சிங்கப்பூர் நேரம் தோன்றுகின்றது. அது நம் நேரத்தினும் இரண்டரை மணி முற்பட்டது. இரவு ஒன்பது மணிக்கு இங்கிருந்து அழைத்தால், அங்கே நள்ளிரவைத் தாண்டுவதற்கு அரைமணியே இருக்கும் என்று தாய்க்கு விளங்குகின்றது. இவ்வாறு கட்டளைக்கு முன்னே எழுதிய மதிப்பு, அந்த ஒரு கட்டளைக்கு மட்டுமே உரியது. அடுத்த வரியில் வெறும் டேட் கட்டளையைக் கொடுத்தால், பழையபடி இந்திய நேரமே வரும்.

பின்னர் அவள் மொழிக்கு வருகின்றாள். ‘லேங்’ மாறிக்குத் தமிழைக் குறிக்கும் மதிப்பு பல பகுதிகளால் ஆனது. ‘டி’, ‘ஏ’ என்னும் இரண்டு சிற்றெழுத்துகள் தமிழைக் குறிக்கும். பின்னர் ஓர் அடிக்கோடு. அதன்பின் வரும் ‘ஐ’, ‘என்’ என்னும் இரண்டு பேரெழுத்துகள் இந்தியாவைக் குறிக்கும். அவற்றின் இடத்தில் ‘எல்’, ‘கே’ என்று எழுதினால், இலங்கைத் தமிழரின் வழக்கத்திற்குரிய அமைப்பாகும். இறுதியில் ஒரு புள்ளியிட்டு, யுடிஎஃப் 8 என்னும் குறியேற்றத்தின் பெயரைச் சேர்ப்பர். இக்குறியேற்றம் ஒருங்குறியைச் சார்ந்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறியில், 1991ஆம் ஆண்டு வெளிவந்த முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசும் அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது.

இம்மதிப்பை எக்ஸ்போர்ட் செய்துவிட்டு, மாணவி டேட் கட்டளையைக் கொடுக்கின்றாள். கிழமையின் பெயரும் திங்களின் பெயரும் தமிழில் வருகின்றன. “வியாழன்” என்று எழுத்துக் கூட்டிப் படித்த தாயின் முகம் மலர்கின்றது. கணினிக்குத் தமிழ் தெரியும். தமிழில் பேச வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லாமல் இருந்ததே குறை. தமிழ் மாதப் பெயர்களையும் கிழமைப் பெயர்களையும் அதனுள் எழுதிவைத்தவர்களும், பிற நிரல்களின் அறிவிப்புகளைத் தமிழாக்கியவர்களும் பெரும்பாலும் ஊதியம் கருதாத தன்னார்வலர்களே.

சில வேளைகளில் இம்மாற்றம் பயன் தராது போகலாம். அதற்குப் பொதுவான காரணங்கள் இரண்டு. தமிழுக்குரிய அமைப்பு அக்கணினியில் நிறுவப்படாதிருக்கலாம். லோக்கேல் என்னும் கட்டளையோடு ஒரு சிறுகோடும் ‘ஏ’ என்னும் சிற்றெழுத்தும் சேர்த்துக் கொடுத்தால், நிறுவப்பட்டவற்றின் பட்டியல் வரும். அன்றி, ‘எல்சி ஆல்’ என்னும் மாறி முன்னரே வேறு மொழிக்கு அமைக்கப்பெற்றிருக்கலாம். அம்மாறி ‘லேங்’ மாறியினும் அதிகாரம் மிக்கது. அதன் மதிப்பே செல்லும். அன்செட் என்னும் கட்டளையால் அதனை நீக்கிவிட்டால் தடை நீங்கும்.

மறுநாள் மாணவி கணினியைத் திறக்கின்றாள். மீண்டும் ஆங்கிலமே தோன்றுகின்றது! சாளரத்தை மூடியதும் அதனுள் இயங்கிய ஷெல் மறைந்தது. அதன் சூழலும் உடன் மறைந்தது. அமைப்பு நிலைத்திருக்க வேண்டுமானால், அதனை ஒரு கோப்பில் எழுதிவைத்தல் வேண்டும். இல்லக் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் ‘பாஷ்ஆர்சி’ என்னும் கோப்பு ஒன்று உண்டு. பெயரின் முன்னே புள்ளி இருப்பதால் அது வழக்கமான பட்டியலில் மறைந்திருக்கும். பாஷ் ஷெல் முனையத்தில் புதிதாகத் தொடங்கும்போது அக்கோப்பைப் படித்து, அதிலுள்ள கட்டளைகளை நிறைவேற்றும். எக்ஸ்போர்ட் வரியை அதன் இறுதியில் சேர்த்துவிட்டால், திறக்கும் முனையந்தோறும் அவ்வமைப்பு தானே வந்துவிடும்.

விண்டோஸ் பயன்படுத்துவோர்க்கும் இவ்வசதி உண்டு. கட்டளைச் சாளரத்தில் செட் என்று மட்டும் எழுதினால் மாறிகள் அனைத்தும் தோன்றும். செட் என்பதோடு பெயரையும் சமக்குறியையும் மதிப்பையும் எழுதினால், அச்சாளரத்திற்குரிய மாறி அமையும். ஒரு மாறியின் மதிப்பைக் குறிக்க, டாலர் குறிக்குப் பதிலாக, பெயரின் இருபுறமும் விழுக்காட்டுக் குறி இடுதல் வேண்டும். நிலையாக அமைப்பதற்குச் செட்எக்ஸ் என்னும் கட்டளை உள்ளது. அதன் பயன் இனித் திறக்கும் சாளரங்களில்தான் தெரியும். திறந்திருக்கும் சாளரத்தில் தெரியாது.

மாறிகளை அமைப்பதில் விழிப்பும் வேண்டும். ‘பாத்’ மாறியில் கோப்புறைகளின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். லினக்ஸில் அவற்றை முக்காற்புள்ளி பிரிக்கும். ஒரு கட்டளையைக் கொடுத்ததும், ஷெல் அவ்வரிசைப்படி ஒவ்வொரு கோப்புறையாகத் தேடி, முதலில் அகப்படும் நிரலை இயக்கும். புதிய கோப்புறையைச் சேர்க்க விரும்புவோர், பழைய மதிப்பையும் உடன் சேர்த்தே எழுதுதல் வேண்டும். பழையதை மறந்து புதியதை மட்டும் எழுதினால், நேற்றுவரை இயங்கிய கட்டளைகள் பலவும் காணவில்லை என்று ஷெல் கூறும். அஞ்ச வேண்டா. நிரல்கள் அழிந்துபோகவில்லை, அவற்றிற்குச் செல்லும் வழியே மறைந்தது. சாளரத்தை மூடிப் புதிதாகத் திறந்தால் வழி மீண்டும் தோன்றும். ஆனால் அப்பிழையைக் கோப்பிலும் எழுதியிருந்தால், அவ்வரியைத் திருத்திய பின்னரே தீரும்.

மற்றொரு செய்தியையும் அறிந்துகொள்ளுதல் நன்று. ஏற்றுமதி செய்த மாறி, நாம் ஏவும் எல்லா நிரல்களுக்கும் தெரியும். ஆகவே கடவுச்சொல் போன்ற மறைபொருளை அதில் எண்ணிப் பாராது வைத்தல் ஆகாது. சூழலை நம்புவதிலும் எல்லை உண்டு என்பதை, 2014ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் உலகம் உணர்ந்தது. பாஷ் ஷெல்லில் ஒரு குறை இருப்பதை ஸ்டெபான் ஷாசெலா என்பார் கண்டுபிடித்தார். சூழல் மாறியின் மதிப்பில் சூழ்ச்சியாக எழுதப்பெற்ற கட்டளையை, மதிப்பு என்று கொள்ளாது, அந்த ஷெல் நிறைவேற்றிவிடும் என்பதே அக்குறை. கால் நூற்றாண்டாக யாரும் அறியாதிருந்த அக்குறையினால், உலகெங்கும் இருந்த எண்ணற்ற கணினிகள் தீயோர் கைப்படும் நிலையில் இருந்தன. வல்லுநர்கள் விரைந்து அதனைத் திருத்தினர். வெளியிலிருந்து வரும் மதிப்பை ஆராயாது ஏற்றல் தவறு என்னும் பாடத்தை அந்நிகழ்ச்சி கற்பித்தது.

இதுகாறும் கூறியவற்றால் நாம் அறிவது யாது? கணினி எம்மொழியில் பேசும், எந்நேரத்தைக் காட்டும், எவ்வழியே தேடும் என்பன அதன் பிறவிக் குணங்கள் அல்ல. யாரோ ஒருவர் முன்னரே அமைத்துவைத்த மதிப்புகளே அவை. அவற்றைக் காணத் தெரிந்தவர் காரணம் அறிவர். மாற்றத் தெரிந்தவர் கருவியைத் தமக்கு ஏற்பப் பயன்கொள்வர். அன்று விளக்கொளியில் எழுத்தறிந்த தாயர், பிறர் படித்துச் சொல்லக் கேட்கும் நிலையிலிருந்து விடுபட்டனர். அவர்தம் மக்களாகிய நீங்களும், கருவி காட்டியதை மட்டும் கண்டு அமையாது, அது ஏன் அவ்வாறு காட்டுகின்றது என்று வினவிப் பழகுங்கள். பள்ளிக் கணினிக் கூடத்தில் ஆசிரியர் இசைவுடன் முனையத்தைத் திறந்து, உங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய மாறி ஒன்றை அமைத்துப் பாருங்கள். கல்வி அங்கேயே தொடங்கிவிடும்.